மெர்லின் தொட்ட குதிரை

சகாய மெர்லினுக்கு அநியாயம் நடந்துவிட்டது அக்கா. நேர்மையாக விளையாடித் தோற்ற ஒருத்தியை, ஆட்டத்தை விற்றவள் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் இருவர் சொல்லவில்லை. கல்லூரி முழுக்கச் சொன்னது. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிற அம்மா வரைக்கும் சொன்னார்கள்.

நீங்கள் கேட்டது வேறு என்று எனக்குத் தெரியும். "செஸ்ஸா? உக்காந்து விளையாடுற விளையாட்டுக்கு எதுக்கும்மா டிராக் சூட்டு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பல்கலைக்கழகம் கொடுத்தது, முதுகில் பெயர் போட்டிருக்கிறது, போட்டிக்குப் போகிற வழியெல்லாம் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். விதி. எனக்கும் இந்த வெயிலில் அவிகிறது. ஆனால் விதி என்றால் விதி. பின்னால் பாருங்கள், கடைசி வரிசையில் இதே சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கிறார்களே, அவர்கள்தான் எங்கள் அணி. எனக்கும் அங்கேதான் இடம். பைகளை வைத்துவிட்டோம், இடமில்லை என்றார்கள். சரி என்று இங்கே வந்துவிட்டேன். எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது, லாபம்தான்.

மெதுவாகப் பேசவா? எதற்கு அக்கா? ஓ, அவரா. முதல் சீட்டில் தலை சாய்த்துத் தூங்குகிறாரே பச்சைப் புடவை, அவர்தான் எங்கள் பி.டி. மேடம். கல்லூரியில் விளையாட்டுக்குப் பொறுப்பு. இந்தக் கதையில் குற்றவாளியும் அவர்தான். கேட்கட்டும். நான் மேடையில் பேசுகிறவள், பட்டிமன்றத்தில் பல்கலைக்கழக அளவில் பரிசு வாங்கியவள். முகத்துக்கு நேரே சொல்ல முடியாத எதையும் முதுகுக்குப் பின்னால் சொல்ல மாட்டேன். அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியாயிற்று.

மெர்லின் என்னை விட ஒரு வருடம் இளையவள். நான் மூன்றாம் ஆண்டு, அவள் இரண்டாம் ஆண்டு. விடுதியில் ஒரே அறை. அவளுக்கு ஊர் வேம்பார், கடற்கரை. அப்பா படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர். அந்த ஊரில் கோயில் திருவிழாவுக்கு ஒரு செஸ் போட்டி வைப்பார்களாம், அதில் சின்னப் பிள்ளையிலேயே பெரியவர்களை எல்லாம் தோற்கடித்தவள். அப்பாதான் அவளுக்குக் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர். விடுதிக்கு வரும்போது அவள் கொண்டுவந்த செஸ் போர்டில்தான் நாங்கள் இரண்டு பேரும் தினமும் விளையாடுவோம். நல்ல போர்டு. மரக் காய்கள், கையில் கனமாக உட்காரும்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் உங்களுக்குக் கதை புரியும். குதிரைக் காய் இருக்கிறது இல்லையா, அதற்கு மட்டும்தானே முகம் உண்டு? அந்த முகம் நேராக எதிராளியைப் பார்க்க வேண்டும் அவளுக்கு. கொஞ்சம் கோணலாகத் திரும்பி நின்றாலும் அவளால் யோசிக்க முடியாது. கை தானாகப் போய் நேராக்கிவிடும். ஏட்டி, இது என்ன கிறுக்கு என்று கேட்டால், "மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிற குதிரை நமக்காகச் சண்டை போடுமா வடிவு?" என்பாள். நான் வேண்டுமென்றே அவள் குதிரையின் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைப்பேன். அவள் கையைத் தட்டிவிட்டு நேராக்குவாள். மறுபடி திருப்புவேன். சிரித்துச் சிரித்து வார்டன் வந்து கதவைத் தட்டுவார். விளையாட்டுக்குத்தான் அக்கா. அதெல்லாம் அறைக்குள்ளே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பல்கலைக்கழக அணிக்கான தேர்வுப் போட்டி எங்கள் கல்லூரி அரங்கத்திலேயே நடந்தது. எல்லாக் கல்லூரிப் பெண்களும் வந்தார்கள். கடைசிச் சுற்று வந்தபோது நானும் மெர்லினும் ஒரே புள்ளி. அணியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். கடைசிச் சுற்றில் யாருக்கு யார் என்று பட்டியல் ஒட்டுகிறார்கள், பார்த்தால் எனக்கு எதிரே மெர்லின். ஜெயிக்கிறவள் அணியில். டிரா ஆனால் இரண்டு பேருமே வெளியே, வேறு கல்லூரிக்காரி உள்ளே வந்துவிடுவாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே கல்லூரிப் பிள்ளைகள் கடைசிச் சுற்றில் எதிரெதிரே உட்கார வேண்டி வந்தால், ஆட்டத்தை முன்னாலேயே பேசி முடித்துவிடுவார்கள். கல்யாணம் பேசி முடிக்கிற மாதிரிதான். இன்னார் ஜெயிக்க வேண்டும், இன்னார் தோற்க வேண்டும். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாத மாதிரி காய் நகர்த்தி, ஒருத்தி கை கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்க மாட்டார்கள். நான் கேட்டேன்.

மேடம் எங்கள் இரண்டு பேரையும் மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டார். "ஏ பிள்ளைகளா, ரெண்டு பேரும் முட்டி மோதி டிராவுல போய் நிக்காதீங்க. வடிவுக்குக் கடைசி வருசம், டீமுக்கு அவ போட்டும். மெர்லினு, ஒனக்கு அடுத்த வருசம் இருக்குலா?"

மெர்லின் என்ன சொன்னாள் தெரியுமா? ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். "சரி மேடம். வடிவு போட்டும்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் கேட்டேன், "சரின்னா என்னட்டி சரி? உனக்கு மானம் இல்லையா? விளையாடாமலே தோற்கிறதுக்கு எதுக்கு இத்தனை நாள் விளையாடினே?" என்று. மேடத்தையும் விடவில்லை. "மேடம், இதுக்குப் பேர் என்ன தெரியுமா? மோசடி. விளையாட்டுல ஜெயிக்கிறது பெரிசா, நேர்மை பெரிசா? பதில் சொல்லுங்க" என்றேன். "உனக்காகத்தான் பிள்ள பேசுதேன்" என்கிறார் அவர். எனக்காக! எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம் என்றேன்.

அதோடும் விடவில்லை. "மெர்லினுக்கு அடுத்த வருசம் கிடையாது மேடம், அது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். மெர்லின் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அத எதுக்குட்டி இங்க சொல்லுத" என்றாள். ஏன் சொல்லக் கூடாது? வாதத்துக்கு அது முக்கியமான ஆதாரம். அவள் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அவள் அப்பா ஒரு பேச்சு பேசியிருந்தார். "இந்த வருசம் யுனிவர்சிட்டி டீம்ல வந்துட்டேன்னா, நீ எந்த ஊருக்கு வேணும்னாலும் போய் விளையாடு, எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிடுதேன். வரலைன்னா போர்ட மடிச்சு வச்சிட்டு மத்த பிள்ளைக மாதிரி இரு." பொம்பளைப் பிள்ளை தனியாக ஊர் ஊராகப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் அவரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவராலும் எத்தனை நாள் தாங்க முடியும்? ஒரு வருடத்தை வாங்கிக்கொடுத்திருந்தார். அந்த வருடத்தின் கடைசிச் சுற்றுதான் அது.

இத்தனையும் இருக்க, அவள் "வடிவு போட்டும்" என்கிறாள். விடுவேனா? "நாங்க ரெண்டு பேரும் நேர்மையா விளையாடுவோம். யாரு ஜெயிக்கிறாளோ அவ போகட்டும்" என்று சொல்லிவிட்டு, மெர்லின் கையைப் பிடித்து அரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டு போனேன். வழியில் அவளிடம் சொன்னேன், "எனக்காக நீ ஒரு காயைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது, சத்தியம் பண்ணு." பண்ணினாள். மாதா கோயிலுக்குப் போகிற பிள்ளை, சத்தியம் என்றால் சத்தியம்தான்.

கடலை மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, கோவில்பட்டியில் வாங்கியது. எனக்குத் தனியாகத் தின்று பழக்கமில்லை.

அன்றைக்கு அவள் விளையாடிய விளையாட்டு இருக்கிறதே! ஒத்துக்கொள்கிறேன், நான் உள்ளதை ஒத்துக்கொள்கிறவள். அறைக்குள் என்னோடு விளையாடும் மெர்லின் இல்லை அவள். தலை நிமிரவே இல்லை. முகம் சிவந்து போயிருந்தது. முதலில் தயங்கித் தயங்கித்தான் நகர்த்தினாள், பிறகு அந்தச் சத்தியம் அவளுக்குள் இறங்கிவிட்டது போலிருக்கிறது. என் யானை போயிற்று. என் ராஜா ஒரு மூலையில் மூச்சுவிட இடமில்லாமல் நிற்கிறது. நடுவில் ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அக்கா, அந்தக் கண்ணில் ஆசை வந்திருந்தது. அதற்கு முன்னால் நான் அவளிடம் அதைப் பார்த்ததே இல்லை. நான்தானே அதைக் கொண்டுவந்தேன்? நான் மட்டும் மேடத்திடம் வாதாடியிருக்காவிட்டால், தான் ஜெயிக்கக்கூடியவள் என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிருக்கும். அதை யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்.

பிறகுதான் அது நடந்தது.

அவளுடைய குதிரை ஒன்று, அதற்குப் பின்னால் அதே குறுக்குக் கோட்டில் அவளுடைய ராணி. என்னுடைய பிஷப், குறுக்காகவே போகிற காய், தூரத்திலிருந்து அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. குதிரை அங்கே நிற்கும் வரைக்கும் ஒன்றும் இல்லை. குதிரை நகர்ந்தால் ராணி போய்விடும். உங்களுக்குச் சொல்வதென்றால், வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறான், அவன் விலகினால் திருடன் உள்ளே. அவ்வளவுதான். அந்தக் குதிரையை நகர்த்த வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. இன்னும் இரண்டு மூன்று நகர்த்தலில் ஆட்டமே முடிந்துவிடும்.

நான் பக்கத்துக் கட்டத்தில் இருந்த அவளுடைய சிப்பாய் ஒன்றை வெட்டினேன். வெட்டிவிட்டுக் கையை எடுக்கும்போது என் துப்பட்டா முனை அந்தக் குதிரையில் பட்டது. குதிரை லேசாகத் திரும்பிக்கொண்டது. முகம் சுவர்ப் பக்கம்.

பட்டது அக்கா. பட்டதுதான். துப்பட்டா என்றால் படத்தானே செய்யும்?

நான் ஏன் நேராக்கவில்லை என்றா கேட்கிறீர்கள்? அது அவளுடைய குதிரை. அவளுடைய காயை நான் எப்படித் தொடுவது? நான் கடிகாரத்தை அமுக்கிவிட்டேன், இனி அவளுடைய நேரம். அவள் நேரத்தில் நான் கையை நீட்டினால் அது தொந்தரவு. விதி தெரியாதவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். கண் பலகையின் அந்த ஓரத்தில், என் ராஜாவின் மேல். கை மட்டும் தானாக இந்தப் பக்கம் வந்தது. இரண்டு விரலால் குதிரையைப் பிடித்து முகத்தை நேராக்கியது.

செஸ்ஸில் ஒரு விதி உண்டு, உலகம் முழுக்க ஒரே விதி. உன் முறை வரும்போது எந்தக் காயைத் தொட்டாயோ அதைத்தான் நகர்த்த வேண்டும். சும்மா நேராக்குவதற்குத் தொடுகிறாய் என்றால், தொடுவதற்கு முன்னால் 'அட்ஜஸ்ட்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். ஒரு சொல். அவள் சொல்லவில்லை.

நான் கையைத் தூக்கி ஆர்பிட்டரைக் கூப்பிட்டேன். ஆர்பிட்டர் என்றால் நடுவர்.

இதில்தான் பலருக்கு என் மேல் வருத்தம். நான் கேட்கிறேன், மேடத்தின் மோசடியை எதிர்த்த நான், என் கண் முன்னால் நடக்கும் விதிமீறலை மட்டும் எப்படிக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியும்? நேர்மை என்றால் எனக்கு ஒன்று, என் தோழிக்கு ஒன்றா? தோழி என்பதற்காக விட்டேன் என்றால் அதுவும் ஆட்டத்தைப் பேசி முடிப்பது மாதிரிதானே? யோசித்துப் பாருங்கள். இந்த வாதத்துக்கு இதுவரை ஒருவரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

ஆர்பிட்டர் நல்ல மனிதர், வயதானவர். வந்து குனிந்து மெர்லினிடம் கேட்டார், "நேராக்கத்தானேம்மா தொட்ட?" என்று. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரே காலேஜ்தானே ரெண்டு பேரும்? இந்தப் பிள்ளை எப்பவும் இப்படித்தான் குதிரையத் திருப்பி வைக்குமா?"

நான் சொன்னேன், "எப்பவும் என்ன பண்ணுவாங்கிறது இங்க கேள்வி இல்ல சார். இப்ப அந்தச் சொல்லைச் சொன்னாளா, இல்லையா? அதுதான் கேள்வி."

சரியான கேள்வி இல்லையா? கேள்வியைச் சரியாக வைத்துவிட்டால் பாதி வாதம் முடிந்துவிடும் என்று நான் எப்போதும் சொல்வேன்.

மெர்லின் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "மெதுவாச் சொன்னேன் சார், இவளுக்குக் கேக்கல" என்றிருக்கலாம். அவர் அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றார், எனக்கே தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை அக்கா, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பிறகு அவரிடம், "இல்ல சார். சொல்லல" என்றாள்.

"அப்ப குதிரையத்தான் நகத்தணும்மா" என்றார் அவர். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

நகர்த்தினாள். நான் ராணியை எடுத்தேன். அதற்குப் பிறகு ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது, ஆனால் அவள் விளையாடவில்லை, கை மட்டும் நகர்ந்தது. கடைசியில் ராஜாவைப் படுக்கவைத்துவிட்டுக் கை கொடுத்தாள். "நல்ல ஆட்டம்" என்றேன். ஜெயித்தவர்கள் அப்படிச் சொல்ல வேண்டும், அதுதான் பண்பு. அவள் பக்கத்து போர்டில் உட்கார்ந்திருந்தவளிடம் இருந்த கோணலான குதிரை ஒன்றைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனாள். அதைத் தொடவில்லை.

ஆமாம். அணியில் நான். நான்தானே ஜெயித்தேன்? ஏன் அக்கா, இந்தச் சட்டையை இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்க்கிறீர்கள்?

இல்லை இல்லை, நீங்கள் அநியாயம் இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். இது நியாயம். விதிப்படி நடந்தது. அநியாயம் இனிமேல்தான் வருகிறது.

வெளியே வந்தேன். மேடம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். எல்லோர் முன்னாலும், எங்கள் கல்லூரிப் பிள்ளைகள், வேறு கல்லூரிப் பிள்ளைகள், எல்லோர் முன்னாலும் சொன்னார், "நான் சொன்னபடியே முடிச்சிட்டீங்க. நல்ல பிள்ளைக. மெர்லினு, ஒன் மனசு யாருக்குட்டி வரும்?"

முடிந்தது. ஒரே வாக்கியத்தில் ஒருத்தியின் நேர்மையைக் குப்பையில் போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் விடுதி முழுக்கப் பேச்சு. மெர்லின் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாளாம். மறுநாள் அது, விற்றாளாம் என்று ஆயிற்று. எதற்கு விற்றாள் என்று கேட்டால், இன்டர்னல் மார்க்காம், அடுத்த வருடக் கேப்டன் பதவியாம், ஆளுக்கு ஒன்று. நான் அறை அறையாகப் போய் மறுத்தேன். "அவ விக்கல, நான் விதிப்படி ஜெயிச்சேன், தொட்ட காயை நகத்த வேண்டியதாப் போச்சு, அதனாலதான் தோத்தா" என்று ஒவ்வொருத்தியிடமும் விளக்கினேன். விளக்க விளக்க அவர்கள் முகம் ஒரு மாதிரி போயிற்று. ஒருத்தி, "அதுக்கு அவ வித்துட்டான்னே இருக்கட்டும் வடிவு, கேக்க நல்லா இருக்கு" என்றாள். எவ்வளவு மோசமான மனசு பாருங்கள்.

மெர்லினின் அப்பா போன் பண்ணியபோதும் நான்தான் அவள் கையிலிருந்து போனை வாங்கிப் பேசினேன். அவர் காது வரைக்கும் அந்தப் பேச்சு போயிருந்தது. "அப்பா, உங்க மக ஆட்டத்தை விக்கல, அது மட்டும் சத்தியம்" என்று தொடங்கி ஒன்று விடாமல் சொன்னேன். துப்பட்டா, குதிரை, ஆர்பிட்டர், எல்லாம். அவர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "அவ குதிரையத் திருப்பி வக்கிறது சின்னதுல என்கிட்ட இருந்து பழகினதும்மா. ரெண்டு வருசம் கூடவே இருக்க. ஒனக்குத் தெரியாதா?"

நான் பதில் சொல்வதற்குள், "சரிம்மா. நீ நல்லா விளையாடிட்டு வா" என்று வைத்துவிட்டார். பாருங்கள், அந்த நிலைமையிலும் என்னை வாழ்த்தினார். பெரிய மனுஷன். ஆனால் மகளுக்குச் சொன்ன சொல்லை மட்டும் மாற்றவில்லை. டீமில் வரவில்லை, ஆகவே போர்டை மடி. சொன்னால் சொன்னதுதான் அவருக்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. மேடத்திடம் போய், "நீங்க சொன்னதை எல்லார் முன்னாலயும் வாபஸ் வாங்கணும்" என்றேன். "நீதான் ஜெயிச்சிட்டியே தாயி, போய்ப் படி" என்றார். பிரின்சிபாலிடம் போனேன். பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறைக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார், "உனக்கு அவ்வளவு மனசு உறுத்துதுன்னா ஒண்ணு பண்ணலாம்மா. இன்னும் டீம் பேர் அனுப்பல. ரெண்டு பேரும் மறுபடி ஒரு ஆட்டம் விளையாடுங்க. நீ சம்மதிச்சாப் போதும்."

எனக்கு உறுத்துகிறதா! எனக்கு என்ன உறுத்தல்? அவருக்கு என் வாதமே புரியவில்லை. மறு ஆட்டம் எப்போது வைப்பார்கள்? முதல் ஆட்டத்தில் தப்பு இருந்தால் வைப்பார்கள். நான் சம்மதித்தால் என்ன அர்த்தம்? முதல் ஆட்டம் மோசடி என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? மெர்லின் விற்றவள் என்பது உறுதியாகிவிடாதா? அவளுடைய மானத்துக்காகத்தான் நான் முடியாது என்றேன். அவளுக்காகத்தான். அவர் பேனாவை மூடிக்கொண்டு, "அப்ப எதுக்கும்மா வந்த?" என்றார். இப்படிப்பட்டவர்கள் கையில் இருக்கிறது விளையாட்டு.

சாத்தூரா வந்துவிட்டது? நீங்கள் இறங்க வேண்டுமா? இருங்கள் அக்கா, பஸ் நிற்க இன்னும் நேரம் இருக்கிறது, மேம்பாலம் தாண்ட வேண்டும். முடித்துவிடுகிறேன்.

கடைசியாக ஒரே வழிதான் இருந்தது. மெர்லினே வாய் திறக்க வேண்டும். பாதிக்கப்பட்டவள் பேசாமல் எந்த வழக்கு நிற்கும்? விளையாட்டு விழாவில் எனக்கு மேடை உண்டு, என்னைப் பாராட்டிப் பேசப்போகிறார்கள். அந்த மேடையிலேயே மைக்கை அவள் கையில் கொடுக்கிறேன், அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், 'நாங்கள் நேர்மையாக விளையாடினோம்' என்று. அவள் பெயரும் துடைத்தாகிவிடும், என் வெற்றிக்கும் களங்கம் இருக்காது.

அன்றைக்கு அறைக்கு வந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு சண்டை போடவில்லை, அதுதான் விசேஷம். காலையில் எனக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைப்பாள். கேட்டால் பதில் சொல்வாள். போர்டை மட்டும் எடுக்கவில்லை. அது என் கட்டில் மேல் இருந்தது, துணியில் சுற்றி. "நீ எடுத்துட்டுப் போ வடிவு, போட்டிக்கு முன்ன பழகணும்லா" என்றாள். இதோ, காலடியில் இருக்கிற இந்தப் பையில்தான் இருக்கிறது. யாரோடு பழகுவது என்றுதான் தெரியவில்லை, பின்னால் இருக்கிறவர்கள் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள்.

நான் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொன்னேன். மேடை, மைக், ஒரு வாக்கியம். "நாம நேர்மையா விளையாடினோமா இல்லையா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லு. அதுக்கு மேல நான் உன்கிட்ட எதுவும் கேக்கல" என்றேன். எவ்வளவு எளிமையான கேள்வி! ஒரு வார்த்தைப் பதில்.

அவள் மடித்த துணியை மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "உனக்காக நான் இத்தனை பேர்கிட்ட சண்டை போடுதேன், நீ வாயத் திறக்க மாட்டேங்கியே, ஏன்டி?" என்றுகூடக் கத்திவிட்டேன்.

அப்போதுதான் சொன்னாள். இறங்குவதற்கு முன்னால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் அக்கா, நான் கேட்ட கேள்விக்கு இது ஒரு பதிலா? துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த வேம்பார்க் குரலில், மெதுவாகச் சொன்னாள்:

"மேடம் சொன்ன மாதிரியே தோத்திருந்தா, நான் ஒனக்கு விட்டுக்குடுத்ததாவாவது இருந்திருக்கும்லா வடிவு."